கருப்புப் பூச்சுக்கு அடியில்: பழைய மோட்டார்ஹோமின் துருவோடு சில ஆண்டுகள்

வீடுபோல் உள்ளேயே தங்கிப் பயணிக்கும் பழைய மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கலாம் என்று பார்த்துவிட்டு வந்த நண்பர் படங்கள் அனுப்பியிருந்தார். "அண்ணா, அடியெல்லாம் புதுசா கருப்புக் கோட்டிங் அடிச்சிருக்காங்க. ஒரு பொட்டுத் துருகூடத் தெரியல. முடிச்சிடலாமா?" என்று கேட்டார். எங்கள் வண்டியின் பின்பக்கச் சட்டத்தை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து எடுத்து வந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. "அந்தக் கருப்பைப் பார்த்துத்தான் பயப்படணும்" என்று மட்டும் பதில் போட்டேன். ஏன் என்று கேட்டு அவர் விடவில்லை. போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

வண்டியைப் பற்றி நீளமான அறிமுகம் வேண்டாம். வேனின் முன்பகுதியை வைத்துக்கொண்டு பின்னால் கூடு கட்டிய, மொத்த எடை 3,500 கிலோ வரம்புக்குள் வரும் வழக்கமான மோட்டார்ஹோம்தான். சில ஆண்டுகளாக ஓட்டுகிறோம். எஞ்சின் ஒரு நாளும் நடுவழியில் நிறுத்தியதில்லை. கூடும் காய்ந்து கிடக்கிறது. வாங்கும் நாளிலேயே ஜன்னல் மூலை, கூரை ஓரம், படுக்கைக்கு அடி என்று எல்லா இடத்திலும் ஈரமானியை வைத்துப் பார்த்தோம். அன்றும் சரி, இன்றும் சரி, எங்கும் ஈரம் இல்லை. மோட்டார்ஹோமுக்கு முதல் எதிரி மேலிருந்து இறங்கும் மழைத்தண்ணீர். அந்தச் சோதனையில் தேறிய வண்டியை விட மனம் வரவில்லை. அடியில் கருப்புப் பூச்சு இருந்தது. அதை அடித்த கடை கொடுத்த சான்றிதழும் காகிதக் கட்டோடு இருந்தது. அதை ஒரு சிறப்பாக எடுத்துக்கொள்ளாமல், சந்தேகத்துக்கென்று ஒரு தொகையை விலையில் கழித்துத்தான் வாங்கினோம். கழித்த தொகை முதல் ஆண்டிலேயே கரைந்தது.

துரு பிடிக்கும் என்பது தெரிந்ததுதான். இரும்பும் காற்றும் ஈரமும் ஓரிடத்தில் இருந்தால் அது நடந்தே தீரும், அதில் கோபப்பட ஒன்றும் இல்லை. என் கோபம் எல்லாம் துருவைச் சுரண்டாமல், சேற்றைக் கழுவாமல், அதன் தலையிலேயே பூசி மூடிய அந்தக் கருப்பின் மேல்தான்.

தார் அல்லது ரப்பர் கலந்த அந்தப் பூச்சை சுத்தமான இரும்பில், பிரைமருக்கு மேல் அடித்தால் நன்றாகவே நிற்கும். துருவின் மேல் அடித்தால் அது துருவைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆண்டுகள் போகப் போக இறுகும், கல் பட்ட இடத்தில் மயிரிழை விரிசல் விடும். அதன் வழியே தண்ணீர் உள்ளே போய்விடும். காய்ந்து வெளியேற வழி இருக்காது. அடியில் இன்னொரு வேலையும் நடக்கிறது. காற்று நன்றாகக் கிடைக்கும் இடத்துக்கும் கிடைக்காத இடத்துக்கும் நடுவே ஒரு மின்வேதி வினை உண்டாகிறது. அதில் அரிபடுவது காற்று கிடைக்காத பக்கம். அதனால்தான் சேறு அப்பிய விளிம்பும், பூச்சு தூக்கிக்கொண்ட இடமும், வெறுமனே நனைந்து காயும் இரும்பைவிட வேகமாக வீணாகின்றன. அந்தச் சேற்றில் உப்பு இருந்தால் மழையே தேவையில்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். பனி பெய்யும் நாடுகளில் சாலையில் தெளிக்கும் கால்சியம் குளோரைடுக்கும் மக்னீசியம் குளோரைடுக்கும் ஏறக்குறைய 30 சதவீதமே போதும். உப்பு இப்படி ஈரமாகவே இருக்கும்போது கதகதப்பு அரிப்பை வேகப்படுத்தும். உப்புச் சாலையில் ஓடிய வண்டியைக் கழுவாமல் கதகதப்பான கொட்டகைக்குள் நிறுத்துவது வெளியே குளிரில் நிறுத்துவதைவிட மோசம் என்று சொல்வது இதனால்தான்.

எங்கள் வண்டியில் முதலில் கண்ணில் பட்டது வடிகால் துளைகள். சேஸிஸின், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டகத்தின், நீளச் சட்டங்கள் பெட்டி போல உள்ளே வெற்றிடமாக இருக்கும் இடங்களில், உள்ளே புகும் தண்ணீர் வடிவதற்குக் கீழ்ப்பக்கத்தில் துளைகள் விட்டிருப்பார்கள். பூச்சு அடித்தவர் அவற்றையும் சேர்த்து அடைத்துவிட்டார். மழை பெய்து வாரக்கணக்கில் ஆகியிருந்த ஒரு நாளில், அடியில் படுத்து, துளை இருக்கவேண்டிய இடத்தைக் கையால் தடவிக் கண்டுபிடித்து, திருப்புளியின் முனையால் குத்தித் திருகினேன். கருப்பு ரப்பர் ஒரு மூடியாகப் பெயர்ந்து வந்தது. பின்னாலேயே பழுப்பு நிறத்தில் தண்ணீர் முழங்கை வழியாக ஓடி வந்தது. கூடவே செதில் செதிலாகத் துரு. அந்தச் சட்டம் எவ்வளவு காலமாக உள்ளே தண்ணீரை வைத்துக்கொண்டு ஓடியது என்று நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது.

இதைவிடப் பெரிய விஷயம் கேஸ். சிலிண்டர் வைக்கும் பெட்டியின் தரையிலும், அடுப்பு, ஹீட்டர் இருக்கும் பகுதியின் தரையிலும் திறந்த துளைகள் இருக்கும். புரொபேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கசிந்தால் கீழே இறங்கி அந்தத் துளை வழியே வெளியே போகவேண்டும். எங்கள் வண்டியில் அதில் ஒன்று பாதி மூடியிருந்தது. துருவுக்கு மருந்து என்று சொல்லி ஒருவர் குடும்பம் தூங்கும் வண்டியின் கேஸ் துளையில் பூச்சை அடித்திருக்கிறார், அதற்குச் சான்றிதழும் கொடுத்திருக்கிறார். பழைய வண்டி வாங்கினால், துருவைப் பார்ப்பதற்கும் முன்னால், அன்றைக்கே அந்தத் துளைகளைப் பாருங்கள். உள்ளிருந்து டார்ச் அடித்தால் கீழே வெளிச்சம் தெரியவேண்டும்.

மூன்றாவதுதான் வெல்டிங் வரை இழுத்துக்கொண்டு போனது. பாத்திரம் கழுவிய தண்ணீரும் குளித்த தண்ணீரும் சேரும் கழிவுநீர்த் தொட்டியின் வால்வு லேசாகச் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டியது தரையில் இல்லை, பின்சட்டத்தின் மேல்விளிம்பில். அங்கிருந்து வழிந்து, பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கூட்டைத் தாங்க போல்ட் போட்டு இணைத்திருந்த நீட்டிப்புச் சட்டத்தின் இடுக்கில் இறங்கியது. இரண்டு தகடுகள் ஒட்டி நிற்கும் இடுக்குதான் துருவுக்கு மிகப் பிடித்த இடம். இரும்பு துருவாக மாறும்போது தன்னைப்போலப் பல மடங்கு இடத்தைப் பிடிக்கும். அந்த வீக்கம் இரண்டு தகடுகளையும் நெம்பிப் பிரித்து, இடுக்கு ஒரு விரல் நுழையும் அளவுக்கு அகன்றிருந்தது. இவ்வளவும் நடந்தும் வெளியே இருந்து பார்த்தால் கருப்பு வழவழப்பு மட்டும்தான். லேசாக ஒரு புடைப்பு, அவ்வளவே. சுரண்டிப் பார்த்தபோது உள்ளே நனைந்து உப்பிய பழைய புத்தகம் மாதிரி ஏடு ஏடாக இருந்தது.

இதில் நான் அறிந்துகொண்டது ஒன்று. மோட்டார்ஹோமின் அடித்துருவுக்குச் சாலையை மட்டும் காரணம் சொல்ல முடியாது. வண்டிக்குள் ஒரு வீட்டுக் குழாய் அமைப்பே இருக்கிறது. நல்ல தண்ணீர்த் தொட்டியின் வழிகுழாய், ஹீட்டரைக் காலி செய்யும் வால்வு, ஷவரின் வடிகால் என்று ஒவ்வொன்றும் அடியில் ஏதோ ஓரிடத்தில் வந்து முடிகிறது. அந்த இடங்களையெல்லாம் முதலில் தேடிப் பாருங்கள். காரின் அடிப்பாகத்தைப் பார்த்துப் பழகிய மெக்கானிக் இதை யோசிக்க மாட்டார், அது அவர் தவறும் இல்லை.

சரி, எப்படிப் பார்ப்பது? ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் யாரும் போகக்கூடாது. கெட்டியான தரையில் வண்டியைத் தாங்கி நிறுத்தும் ஆக்சில் ஸ்டாண்டு, அல்லது பட்டறையின் பள்ளம், அல்லது லிஃப்ட். ஒரு டார்ச், ஒரு சின்னச் சுத்தியல், ஒரு பழைய திருப்புளி போதும். சுத்தியலால் சட்டத்தின் நெடுகத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு 'டங்' என்று கணீரென ஒலிக்கும். அரித்த இடம் 'தொப்' என்று சுருதி இறங்கும். அந்த மாற்றம் காதுக்கு உடனே பிடிபடும். தட்டியது சந்தேகமாக இருக்கும் இடத்தில் திருப்புளியை அழுத்துங்கள். உள்ளே போனால் பேச வேண்டியதே இல்லை. விற்பவர் இதற்கு மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான். சட்டத்தின் உள்ளே பார்க்க, செல்போனில் மாட்டும் மெல்லிய எண்டோஸ்கோப் கேமராவை வடிகால் துளை வழியாக விடலாம். வெளிப்பக்கம் எப்படி இருந்தாலும் உள்பக்கத்தில் ஆரஞ்சுத் தூள் மட்டும் தெரிந்தால் நிம்மதி. செதில் குவிந்து கிடந்தால் கவலை.

எல்லாத் துருவுக்கும் பதற வேண்டாம். பிரேக் டிஸ்க்கில் ஒரு இரவில் வரும் ஆரஞ்சு, ஆக்சில் குழாயின் மேல் படிந்த பழுப்பு, கனமான வார்ப்பு இரும்பின் மேல்தோல் எல்லாம் பார்க்கத்தான் பயமாக இருக்கும். அந்த உலோகம் கனமானது. உயிரை எடுப்பது மெல்லிய தகடு இருக்கும் இடங்கள்: ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் பிடிக்கும் முனைகள், ஜாக்கி வைக்கும் இடம், படிக்கட்டு மாட்டியிருக்கும் பகுதி, சீட் பெல்ட்டின் பிடிமானம், தொட்டிகளைத் தூக்கிப் பிடிக்கும் இரும்புப் பட்டைகள். பட்டைகளை யாரும் பார்ப்பதில்லை. 100 லிட்டர் தண்ணீர் என்பது 100 கிலோ, அதைச் சுமப்பது அந்தப் பட்டைதான். பிரிட்டனில் வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் எம்.ஓ.டி. சோதனையில் ஸ்டீயரிங், பிரேக், சஸ்பென்ஷன், சீட் பெல்ட் பிடிமானங்களைச் சுற்றி 30 சென்டிமீட்டருக்குள் இருக்கும் துருவைத் தனியாகக் கணக்கில் எடுக்கிறார்கள். எந்த ஊரில் இருந்தாலும் அந்த அளவுகோல் நல்ல அளவுகோல். அப்புறம் பிரேக் குழாய்கள். சாதாரண உருக்குக் குழாயில் கிளிப் பிடித்திருக்கும் இடத்துக்குப் பின்னால்தான் முதலில் அரிக்கும். மாற்றுவதாக இருந்தால் 90 பங்கு செம்பும் 10 பங்கு நிக்கலும் கலந்த குழாயைக் கேட்டு வாங்குங்கள். துருவைப் பற்றி மறந்துவிடலாம்.

உங்கள் வண்டியில் ஆல்-கோ நிறுவனம் செய்வது மாதிரியான, துத்தநாகத்தில் முக்கி எடுத்த சேஸிஸ் இருந்தால் நிலைமை வேறு. ஏறக்குறைய 450 டிகிரி சூட்டில் உருகிய துத்தநாகத்தில் முழுச் சட்டத்தையும் முக்குவதால், பெட்டியின் உள்பக்கமும் சேர்ந்து பூசப்படுகிறது. ஐ.எஸ்.ஓ. 1461 தரநிலைப்படி 3 முதல் 6 மில்லிமீட்டர் வரை தடிமன் உள்ள உருக்கில் அந்தப் பூச்சு சராசரியாக 70 மைக்ரானாவது இருக்கவேண்டும். கீறல் விழுந்தாலும் துத்தநாகம் முதலில் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கும். அதன் மேல் தெரியும் வெள்ளைப் பொடியைத் துரு என்று எண்ணிக் கம்பி பிரஷால் தேய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தேய்த்துப் போகிறது பாதுகாப்புதான். தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு விட்டுவிட வேண்டும்.

எங்கள் வண்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கருப்பை எடுக்கும் வேலைதான் எல்லாவற்றிலும் கொடுமை. கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி அடித்தால் அது உருகி நாலாபக்கமும் அப்பிக்கொள்கிறது. குளிர்ந்த நாளில் அது மொறுமொறுவென்று இருக்கும்போது உளியும் ஸ்க்ரேப்பரும் கொண்டு பெயர்த்தால் பெரிய துண்டுகளாக வரும். இறுகாத இடங்களில் ஹீட் கன்னால் இளக்கிச் சுரண்டலாம். ஆனால் டீசல் தொட்டிக்கும் கேஸ் குழாய்க்கும் பக்கத்தில் அந்தப் பேச்சே வேண்டாம். மீதியை ஒயிட் ஸ்பிரிட் என்னும் பெயின்ட் கரைப்பானில் நனைத்த துணியால் துடைக்க வேண்டியதுதான். வசதி இருப்பவர்களுக்கு உலர் பனிக்கட்டியைப் பீய்ச்சிச் சுத்தம் செய்யும் முறை இருக்கிறது. மணலைப் பீய்ச்சுவது போலக் கண்ட இடத்தில் புகுந்து தங்காது, மிச்சமும் வைக்காது. ஆனால் அது பூச்சையும் அழுக்கையும்தான் எடுக்கும், ஆழமான துருவை எடுக்காது.

துருவைச் சுரண்டுவதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கிண்ண வடிவக் கம்பி பிரஷை வேகமாக ஓட்டினால் துரு போவதற்குப் பதிலாக மெருகேறிவிடும். கருத்த பழுப்பில் பளபளவென்று, இரும்பு தெரிந்துவிட்டது என்று நம்பும்படி இருக்கும். பக்கத்தில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். நல்ல இரும்பு வெள்ளிச் சாம்பலாக இருக்கும். மெருகேறிய துரு சின்னச் சின்னக் குழிகளோடு செம்புக் கருமையில் மின்னும். அந்தக் குழிக்குள் இருக்கும் துருவும் உப்பும்தான் அடுத்த ஆண்டு பெயின்ட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். நீடில் ஸ்கேலர் என்னும், ஊசிகளால் கொத்தும் கருவி குழிக்குள் போகும். சுரண்டும் நார் டிஸ்க்கும் பரவாயில்லை. எல்லாம் முடிந்ததும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, மின்விசிறி வைத்து முழுக்கக் காயவிட வேண்டும். இந்தக் கழுவலை யாரும் செய்வதில்லை. உப்பு போகாத இரும்பின் மேல் எவ்வளவு உயர்ந்த பூச்சு அடித்தாலும் வீண்.

ரஸ்ட் கன்வர்ட்டரைப் பற்றிக் கேட்பார்கள். நல்ல பொருள்தான், அதன் எல்லை தெரிந்து பயன்படுத்தினால். பாஸ்போரிக் அமிலம் உள்ளது துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றும். டானிக் அமிலம் உள்ளது நீலக்கருப்பான டானேட்டாக மாற்றும். அந்தக் காலத்தில் எழுதப் பயன்படுத்திய இரும்பு மையும் இதே சேர்மம்தான். இரண்டும் கெட்டியாக ஒட்டிய மெல்லிய துருவின் மேல்தான் வேலை செய்யும். செதிலின் மேல் அடித்தால் மேல் ஏடு கருக்கும், கீழே பழையபடி அரித்துக்கொண்டிருக்கும். பளிச்சென்ற இரும்பில் அடித்தால் மாற்றத் துருவே இல்லாமல் அமிலம் மிச்சமாக நிற்கும். அதற்கு மேல் துத்தநாகம் நிறைந்த பிரைமர் அடிப்பவர்கள் உண்டு. அந்தப் பிரைமரில் உள்ள துத்தநாகத் தூள் வெறும் இரும்பை நேராகத் தொட்டால்தான் இரும்பைக் காக்கும், நடுவே கன்வர்ட்டர் இருந்தால் அது வெறும் சாம்பல் நிறப் பெயின்ட். நாங்கள் பளிச்சென்ற இடங்களுக்கு எபாக்ஸி பிரைமர் நேராக அடித்தோம். குழி விழுந்து முழுக்கச் சுத்தம் செய்ய முடியாத இடங்களுக்கு மட்டும் கன்வர்ட்டர். இதுவரை இரண்டுமே நன்றாக நிற்கின்றன.

பின்சட்டத்தை வெல்டர் பார்த்தார், உளியால் நாலு தட்டுத் தட்டினார். "இதுக்கு மேல தகடு வெச்சு ஒட்டினா நிக்காது சார், நல்ல இரும்பு வர்ற வரைக்கும் வெட்டித்தான் எடுக்கணும்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் அவர் மேல் மதிப்பு வந்தது. அரித்த சட்டத்தின் மேல் தகட்டைப் போர்த்தி ஒட்டுபவர்களுக்குக் குறைவில்லை, அப்படிச் செய்தால் இன்னொரு இடுக்கு கிடைத்ததுதான் மிச்சம். அவர் வெட்டி எடுத்து, அதே தடிமன் உள்ள உருக்கைப் பொருத்தி, விளிம்பு முழுக்க இடைவெளி விடாமல் பற்றவைத்தார். மோட்டார்ஹோமில் இந்த வேலைக்குத் தனிக் கவனம் வேண்டும். சட்டத்துக்கு மேலே ஒரு விரல் தூரத்தில் பிளைவுட் தரையும் அதற்குள் வெப்பம் தடுக்கும் ஃபோமும் இருக்கும். நாங்கள் உள்ளே தரைவிரிப்பைத் தூக்கிவிட்டு, தீயணைப்பானோடு ஒருவரை நிறுத்தினோம், கீழே நனைத்த தீத்தடுப்புத் துணி. சிலிண்டர்கள் முன்கூட்டியே வெளியே. இரண்டு பேட்டரிகளின் இணைப்பையும் கழற்றியாயிற்று. மெழுகுப் பூச்சு எதுவும் அதற்கு முன் அந்தப் பக்கம் போகக்கூடாது, பற்றிக்கொள்ளும். துத்தநாகம் பூசிய சட்டமாக இருந்தால், பற்றவைக்கும் இடத்தில் துத்தநாகத்தைத் தேய்த்து எடுக்காமல் வெல்டிங் செய்தால் அந்தப் புகையில் காய்ச்சல் வரும்.

இனி மகிழ்ச்சியான பகுதி. மெழுகும் லனோலினும். ஆட்டுக் கம்பளியிலிருந்து எடுக்கும் கொழுப்புதான் லனோலின். ஃப்ளூயிட் ஃபிலிம் போன்றவை அதை அடிப்படையாகக் கொண்டவை. டினிட்ரால், வாக்ஸாயில் போன்றவை மெழுகு வகை. சட்டத்தின் உள்பக்கத்துக்கு நீளமான குழாய் முனையை வடிகால் துளை வழியாக விட்டு, இழுத்துக்கொண்டே பீய்ச்ச வேண்டும். இறுகாமல் பிசுபிசுவென்றே இருப்பதுதான் இதன் சிறப்பு. கீறினால் தானே மூடிக்கொள்ளும், இடுக்குக்குள் ஊர்ந்து போகும். எல்லாவற்றையும்விட, கீழே இருப்பதை மறைக்காது. ஓராண்டு கழித்து அடியில் படுத்து, சட்டத்தின் ஓரத்தில் கட்டைவிரலை அழுத்தித் துடைத்தேன். அழுக்குக் களிம்பு விலகியதும், நாங்கள் சுத்தம் செய்த அன்று இருந்த அதே நிறம் தெரிந்தது. அந்தக் கட்டைவிரல் அகலத் தெளிவு எனக்குக் கொடுத்த சந்தோஷத்தை இந்த வண்டியில் வேறு எதுவும் கொடுத்ததில்லை.

இதிலும் குறை இருக்கிறது, மறைக்கக்கூடாது. தூசி அப்பிக்கொண்டு அடிப்பாகம் எப்போதும் அழுக்காகத் தெரியும். சட்டை கெட்டுவிடும். வேலை செய்ய வரும் மெக்கானிக் ஒவ்வொருவரும் முகம் சுளிப்பார். வாசனை சில நாட்கள் உள்ளே வரும். ஆண்டுக்கு ஒரு முறை, சக்கரங்கள் தண்ணீரை வாரியடிக்கும் பகுதிகளிலாவது, மறுபடி அடிக்க வேண்டும். எண்ணெய் தாங்காத ரப்பரை லனோலின் உப்பவைக்கும், அதனால் சஸ்பென்ஷனில் உள்ள ரப்பர் புஷ்களையும் ரப்பர் குழாய்களையும் முன்னாலேயே மூடிவிட வேண்டும். பிரேக், எக்ஸாஸ்ட், கேஸ் துளை, ஹீட்டரின் காற்றுக்குழாய் பக்கம் எதுவும் போகக்கூடாது. அடித்து முடித்ததும் வடிகால் துளைகள் எல்லாம் திறந்திருக்கின்றனவா என்று ஒரு கம்பியை விட்டுப் பார்க்கவேண்டும்.

கருப்புப் பூச்சுக்காகவும் ஒரு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும். தொழிற்சாலையில் புதுத் தகட்டின் மேல் அடித்து வரும் பூச்சு பல ஆண்டுகள் நிற்கிறது. சக்கரத்துக்கு மேலுள்ள வளைவுகளில், கல் வந்து அடிக்கும் இடத்தில், மெழுகு நிற்காது. அங்கே கெட்டியான பூச்சுதான் தேவை, எங்கள் வண்டியிலும் அங்கே அதைத்தான் அடித்திருக்கிறோம். விற்றவரும் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று என்னால் சொல்ல முடியாது. வண்டிக்கு நல்லது என்று நம்பியே காசு கொடுத்து அடித்திருக்கலாம். ஆனால் அடித்தவருக்குத் தெரியும். ஈரமான துருவின் மேல் ஸ்பிரே செய்கிறோம் என்று கையில் கருவி வைத்திருந்தவருக்குத் தெரியாமல் இருக்காது.

நிறுத்தும் இடத்தையும் மாற்றினோம். மோட்டார்ஹோம் ஓடுவதைவிட நிற்பது அதிகம். புல்தரையிலிருந்து இரவெல்லாம் ஈரம் எழுந்து அடிப்பாகத்தில் வியர்த்து நிற்கும். சரளைக்கோ கான்கிரீட்டுக்கோ மாற்றியதிலேயே கண்ணால் பார்க்கும் அளவுக்கு வித்தியாசம். கடற்கரையிலோ உப்புச் சாலையிலோ ஓடிவந்தால், தோட்டத்துக்குத் தண்ணீர் சுழற்றி அடிக்கும் தெளிப்பானை வண்டிக்கு அடியில் வைத்து நெடுநேரம் ஓடவிடுகிறோம். அழுத்தமாகப் பீய்ச்சும் கருவியைவிட இது மேல். அழுத்தம் தண்ணீரை இடுக்குக்குள் தள்ளும், இது கழுவி வடியவிடும்.

இப்போது நிலைமை நன்றாகத்தான் இருக்கிறது. வெல்டிங் செய்த இடம் கெட்டி, சட்டத்தின் உள்பக்கம் மெழுகோடு இருக்கிறது, எல்லாத் துளைகளும் திறந்திருக்கின்றன, புதிய துரு எங்கும் இல்லை. கூடு காய்ந்திருக்கிறது, எஞ்சின் நன்றாக ஓடுகிறது, பிள்ளைகளுக்கு இந்த வண்டியைவிடப் பிடித்த இடம் வேறில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் இது நல்ல வண்டி. ஆனாலும் இன்றைக்கு என்னைக் கேட்டால், கருப்பு அடித்த எந்த வண்டியையும், இதையும் சேர்த்து, பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். ஆரஞ்சு நிறத்தில், அசிங்கமாக, பார்த்ததும் பயம் வரும்படி திறந்து கிடக்கும் சட்டத்தை வாங்குங்கள். அதில் எங்கே எவ்வளவு போயிருக்கிறது என்று விலை பேசும் முன்னால் தெரிந்துவிடும்.

எங்கள் வண்டியை விற்கும் எண்ணம் இல்லை. கழிவுநீர்த் தொட்டியின் பட்டைகள் இரண்டும் இன்னும் பாக்கி. அவற்றைத் துருப்பிடிக்காத உருக்கில் செய்யச் சொல்லியிருக்கிறேன். சட்டத்தைத் தொடும் இடத்தில் நடுவே ரப்பர் வைக்கவும் சொல்லியிருக்கிறேன். இரண்டு உலோகமும் ஈரத்தில் நேராகத் தொட்டுக்கொண்டால் அரிபடப்போவது சட்டம்தான்.